விலை கூடிய ஒயில்

என் மனைவி மோட்டார் சைக்கிளின் பின் இருக்கையில் ஏறினால்தான் என்னோடு கதைப்பாள். வீட்டில் கதைப்பதெல்லாம் சாமான் கதை. காஸ் முடியப்போகிறது, தண்ணீர் பில் வந்திருக்கிறது, தேங்காய் இல்லை. காலை ஆறேகாலுக்கு வெள்ளவத்தையில் எங்கள் அடுக்குமாடி பிளட்டின் கீழிருந்து வண்டி புறப்பட்டு, மெரைன் டிரைவில் ஏறி, கடல் இடது கைப்பக்கம் வந்த பிறகுதான் அவளுக்கு வாய் திறக்கும். ஹெல்மெட்டை என் வலது தோளில் முட்டக் கொடுத்துக்கொண்டு தொடங்குவாள். கொட்டாஞ்சேனையில் அவள் படிப்பிக்கும் பெண்கள் பாடசாலையின் வாசல்வரை அது ஓயாது. அதிபர் யாரை முறைத்தா, ஒன்பதாம் வகுப்பில் எந்தப் பிள்ளை அழுதது, ஆசிரியர் அறையில் யாருடைய சாப்பாட்டுப் பெட்டியில் யார் கைவைத்தா, எல்லாம் என் காதுக்குள் வந்து விழும். பாதியைக் காற்றுக் கொண்டுபோய்விடும். மிச்சப் பாதி எனக்குக் காணும், அதுவே போதும்.

நான் வேலை செய்யும் கந்தோர் கோட்டையில். அதைத் தாண்டிக் கொட்டாஞ்சேனைவரை போய், அவளை இறக்கிவிட்டு, வந்த வழியே திரும்பி வருவேன். பதினொரு வருடமாக அப்படித்தான். பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலத்திலும் அதை நான் விடவில்லை. அந்த நாற்பது நிமிடத்துக்காகத்தான் கல்யாணமே கட்டினேன் என்று சொன்னாலும் அது பெரிய பொய்யாக இராது. அந்த நாற்பது நிமிடமும் இன்னொருவனின் ஸ்கூட்டரில் ஏறிப் போனது. ஏற்றி அனுப்பியவன் நான்தான்.

அந்த இன்னொருவன் என் சகலன், மனைவியின் தங்கையைக் கட்டியவன். எங்கள் மாமனார் இரண்டு பெண்களுக்கும் ஒரே கட்டடத்தில் பிளட் வாங்கிச் சீதனமாகக் கொடுத்திருந்தார். எங்களுக்கு மூன்றாம் மாடி, அவர்களுக்கு நான்காம் மாடி. சகோதரிகள் ஒற்றுமையாக இருக்கவேண்டும் என்ற நல்லெண்ணம். இரண்டு மருமகன்மாரும் ஒரே லிஃப்டில் ஏறி இறங்கவேண்டி வருமே என்று அந்த மனிதர் யோசிக்கவில்லை.

சகலன் என்னைவிட ஆறு வயது இளையவன். துறைமுகத்தில் கந்தோர் வேலை. ஆனால் கை மட்டும் கந்தோர்க் கை அல்ல. பைப் ஒழுகினால் அவன், ஃபான் சுற்றாவிட்டால் அவன், வைஃபை நின்றால் அவன். எங்கள் வீட்டில் எது பழுதானாலும் என் மனைவி என்னைப் பார்க்கமாட்டாள், கூரையைத்தான் பார்ப்பாள். "பொறுங்கோ, மேலை இருந்து தம்பியைக் கூப்பிடுவம்" என்பாள். அவனும் உடனே இறங்கி வருவான். "என்ன மச்சாள், என்ன பிரச்சினை?" முறைப்படி மச்சாள்தான், குற்றம் சொல்ல இடமில்லை. இருந்தாலும் அந்தச் சொல்லை அவன் சிரித்துக்கொண்டு சொல்லும்போது எனக்கு வயிறு எரியும். அவன் எனக்கு ஒரு தீங்கும் செய்ததில்லை. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

நான் தொட்டுப் பழுதாகாத ஒரே பொருள் என் வண்டி. கல்யாணத்துக்கு முன்பு வாங்கிய ஜப்பான் டூ ஸ்ட்ரோக். பிளக் துடைப்பது, செயின் இறுக்குவது, கியர் பெட்டிக்கு ஒயில் மாற்றுவது எல்லாம் நானே. அதில் மட்டும் யாரையும் கைவைக்க விட்டதில்லை. பௌர்ணமிப் போயா விடுமுறைக்கு முதல் நாள் மாலை அவன் ஒரு போத்தலோடு கீழே வந்தான்.

"அண்ணை, கியர் ஒயில் மாத்தப்போறியளெண்டு மச்சாள் சொன்னவ. இது மோட்டச்சைக்கிள் ஒயில். சாதாரணமானதுதான், ஆனா உங்கட வண்டிக்கு இது காணும்."

உங்கட வண்டிக்கு இது காணும். ஆக, என் வண்டியின் தரத்தை அவன் நிர்ணயித்துவிட்டான். நான் எப்போது ஒயில் மாற்றுகிறேன் என்பதையும் என் மனைவி அவனுக்குச் சொல்லி வைத்திருக்கிறாள். போத்தலை வாங்கி நன்றி சொன்னேன். அவன் லிஃப்டில் ஏறியதும் அதைச் சாக்கில் சுற்றிக் கார் நிறுத்தும் இடத்துத் தூணுக்குப் பின்னால் செருகிவிட்டு, நேரே வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்கு விட்டேன்.

அங்கே ஒரு கடையில் இருப்பதற்குள் திறமான ஒயிலைத் தா என்றேன். கடைக்காரர் பொன் எழுத்தில் பெயர் அடித்த நாலு லீற்றர் கேன் ஒன்றை எடுத்து வைத்து, காருக்கா என்று சிங்களத்தில் கேட்டார். என் வயதில் பாதி வயதுள்ள ஒருவன் பக்கத்தில் நின்று பெரிய ஜீப்புக்கு ஏதோ வாங்கிக்கொண்டிருந்தான். அவனுக்கு முன்னால் பழைய டூ ஸ்ட்ரோக்குக்கு என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. "ஓவ்" என்று சிங்களத்திலேயே ஆமாம் போட்டேன். காருக்கு நல்லதென்றால் மோட்டார் சைக்கிளுக்குக் கசக்குமா?

போயா அன்று காலை கார் நிறுத்தும் இடத்தில் பழைய ஒயிலை வடித்துப் புதியதை அளந்து ஊற்றினேன். தேன் மாதிரி இறங்கியது. சகலன் பால் வாங்கப் போகிற வழியில் எட்டிப் பார்த்தான்.

"ஊத்தியாச்சோ அண்ணை?"

"ஓம். உம்மட ஒயில்தான். நல்ல சாமான்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை நான் யோசிக்கிறேன். உன் ஒயில் வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்லத் துணிவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த நாள் மெரைன் டிரைவில் கடைசிக் கியரைப் போட்டு முறுக்கியபோது எஞ்சின் கத்தியது, வண்டி வேகம் கூடவில்லை. இன்னும் முறுக்கினேன், இன்னும் கத்தியது. பாடசாலைக் கதை சொல்லிக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டு, "என்ன சத்தம்?" என்றாள். "ஒண்டுமில்லை, காத்து" என்றேன். கொட்டாஞ்சேனைக்கு ஏறும் சின்ன ஏற்றத்தில் பொய் முடிவுக்கு வந்தது. எஞ்சின் ஊரைக் கூட்டக் கத்துகிறது, வண்டி நடைப்பிணமாக ஊர்கிறது. கடைசியில் அவள் இறங்கி, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தன்னிடம் படிக்கும் பிள்ளைகளுக்கு நடுவே மிச்சத் தூரத்தை நடந்தாள். அந்தப் பிள்ளைகள் "குட் மோர்னிங் டீச்சர்" என்று சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அன்று மாலை சகலன் குந்தியிருந்து வண்டியைப் பார்த்தான். கிளச் பிடியை இரண்டு தரம் அழுத்தினான். "கிளச் வழுக்குது அண்ணை. ஒயில் மாத்த முந்தி இப்பிடி இருந்ததோ?"

"இல்லை. உம்மட ஒயில் ஊத்தினாப் பிறகுதான்."

வாய் தவறி வந்த சொல் அல்ல அது. மனைவி பக்கத்தில் நின்றாள். அவளுக்குக் கேட்கவேண்டும் என்றுதான் சொன்னேன். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அவன் கை பட்ட ஒன்று பழுதாகியிருக்கிறது என்பதை அவள் அறியட்டும். சகலனின் முகம் விழுந்துவிட்டது. எனக்கு உள்ளே சர்க்கரைத் தண்ணீர் குடித்த மாதிரி இருந்தது. ஆனால் அவன் நிமிர்ந்து என்ன சொன்னான் தெரியுமா?

"என்ர ஒயிலாலைதான் பழுதாப்போச்செண்டா, வண்டி சரிவருமட்டும் மச்சாளை நான்தான் கொண்டுபோய் விடவேணும். நான் போற வழிதானே."

"அது நல்லது தம்பி" என்றாள் என் மனைவி. வேலியிலே போன ஓணானைப் பிடித்து மடியிலே கட்டினவன் கதை என் கதை.

அடுத்த நாளிலிருந்து காலை ஆறேகாலுக்கு நான் மூன்றாம் மாடிப் பல்கனியில் நின்றேன். சகலன் தன் மனைவியின் ஸ்கூட்டரை எடுத்து வருவான். அவள், என் மனைவியின் தங்கை, வீட்டிலிருந்தே வேலை செய்வதால் அந்த ஸ்கூட்டர் சும்மாதான் கிடந்தது. என் மனைவி ஏறுவாள், ஹெல்மெட்டைக் கொழுவுவாள், சந்தி திரும்ப முன்னரே தலை முன்னுக்குச் சாயும். கதை தொடங்கிவிட்டது என்று எனக்குத் தெரியும். அந்தக் கதை என்னுடையது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குப் பிறகு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது, அவனுக்குத் தெரியும். நான் காலி வீதியில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டு, அதையே நினைத்துப் பல்லைக் கடித்தேன்.

வண்டியைச் சரிசெய்தால் எல்லாம் சரியாகிவிடும். மாலையில் வந்ததும் வராததுமாகக் கீழே இறங்கினேன். கிளச் கேபிள் இறுகிப் போயிருந்தால் வழுக்கும், எனவே பிடியில் கொஞ்சம் தளர்வு விட்டுப் பார்த்தேன். வழுக்கியது. இன்னும் விட்டேன். வழுக்கியது. அப்படியானால் உள்ளே பிளேட்கள் தேய்ந்திருக்கவேண்டும். வண்டிக்கும் வயது போய்விட்டது, ஒயில் மாற்றியதும் தேய்ந்ததும் ஒரே நேரத்தில் நேர்ந்த தற்செயல் என்று முடிவு கட்டினேன். ஒயிலைச் சந்தேகிக்க எனக்கு ஒருபோதும் தோன்றவில்லை. பொன் எழுத்து ஒயில் அல்லவா? புது பிளேட்டும் ஸ்பிரிங்கும் வாங்கி வந்து, ஒரு ஞாயிறு முழுவதும் இருந்து மாற்றி, அதே கேனிலிருந்து மறுபடியும் அளந்து ஊற்றினேன். மெரைன் டிரைவுக்குப் போய் முறுக்கினேன். எஞ்சின் கத்தியது, வண்டி கூடவில்லை. கடற்கரைப் பக்கம் நிறுத்திவிட்டு, வீதியால் போகிற ஸ்கூட்டர் எல்லாவற்றையும் திட்டினேன்.

இதற்கிடையில் அவள் வீட்டுக்கு வரும் நேரமும் பிந்தத் தொடங்கியது. பஸ்ஸில் நாலரைக்கு வருகிறவள் ஐந்தரைக்கு வந்தாள். "புறக்கோட்டையிலை சனம்" என்றாள். செருப்பில் கடல் மணல் ஒட்டியிருந்தது. புறக்கோட்டையில் ஏது கடல் மணல்? இன்னொரு நாள் முழங்கையில் சிராய்ப்பு. "வகுப்புக் கதவிலை அடிபட்டது" என்றாள். அன்று இரவு சோறு போடும்போது தனக்குள் சிரித்துக்கொண்டாள். என்ன என்று கேட்டேன், ஒன்றுமில்லை என்றாள். வாய்விட்டுச் சொல்ல வெட்கமான எண்ணங்கள் எல்லாம் என் தலைக்குள் வந்து போயின. அவளுடைய தங்கையிடம் ஒருக்கால் சாடையாகச் சொல்லிப் பார்க்கலாமா என்றுகூட நினைத்தேன். அவ்வளவுக்கு விழுந்துவிட்டேன்.

இப்படி இரண்டு வாரம் போய், மூன்றாம் கிழமை சகலனே, "அண்ணை, கொட்டாஞ்சேனையிலை எனக்குத் தெரிஞ்ச மெக்கானிக் பாஸ் ஒருத்தர் இருக்கிறார், சனிக்கிழமை கொண்டுபோவம்" என்றான். வேறு வழியில்லை. அவன் ஸ்கூட்டரில் முன்னே போக, நான் அந்த வழுக்குகிற வண்டியில் கத்திக் கத்திப் பின்னே போனேன்.

பாஸ் என்பவர் கொட்டாஞ்சேனையிலேயே பிறந்து வளர்ந்த கத்தோலிக்கர், என் வயதுதான் இருக்கும். அவருடைய வேலை முறை புதினமானது. வண்டிக்காரன் சொல்வதை அவர் கேட்கவே மாட்டார். "வாயால சொல்ற வருத்தம் வேற, வண்டி சொல்ற வருத்தம் வேற. பின்னுக்கு ஏறுங்க சேர்" என்று என் வண்டியை அவர் எடுத்துக்கொண்டார். இத்தனை வருடத்தில் என் வண்டியின் பின் இருக்கையில் நான் இருந்ததே இல்லை. அங்கிருந்து வீதி தெரியாது. முன்னால் இருப்பவனின் பிடரியும், சேர்ட் கொலரின் அழுக்கும்தான் தெரியும். பிடிக்க ஒன்றுமில்லை. அவர் வளைக்கிற பக்கம் வளையவேண்டும், பிரேக் போட்டால் முதுகில் போய் முட்டவேண்டும். பயத்தில் நான் ஏதேதோ கதைக்கத் தொடங்கினேன். அவர் "ம்" என்றார். அதே ஏற்றத்தில் நாலாம் கியரில் முறுக்கிக் கத்தவிட்டுவிட்டுத் திருப்பி வந்தார்.

கராஜில் ஒயில் நட்டைக் கழற்றி, வடிந்த ஒயிலைக் கொஞ்சம் உள்ளங்கையில் ஏந்திப் பெருவிரலால் தேய்த்தார், மணந்து பார்த்தார்.

"இது பைக்குக்குப் போடுற ஒயில் இல்லையே. காருக்குப் போடுறது. காரில கிளச் ஒயிலுக்குள்ள இல்ல சேர், வெளியில காய்ஞ்சு கிடக்கு. இதுல பிளேட் எல்லாம் ஒயிலுக்குள்ளேயே குளிக்குது. வழுக்குற மருந்து கலந்த ஒயில ஊத்தினா பிளேட் எதைப் பிடிக்கும்? யாரு குடுத்தது இத?"

"நான்தான் பாஸ்" என்றான் சகலன்.

பாஸ் அவனைப் பிடித்துக்கொண்டார். இவ்வளவு காலம் வண்டி ஓடுகிறாயே, போத்தலில் எழுதியிருப்பதை வாசிக்கத் தெரியாதா, அந்த மனுசனுக்கு எவ்வளவு நட்டம் என்று வேலை செய்கிற பையன்களுக்கு முன்னால் வாங்கு வாங்கென்று வாங்கினார். சகலன் தலை குனிந்து நின்றான். வெட்கமில்லாமல் சொல்கிறேன், ஒரு கணம் எனக்கு அது இனித்தது. பிறகுதான் உறைத்தது. அவன் தந்த போத்தலில் மோட்டார் சைக்கிள் ஒயில் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அவன் அறியாதவனும் அல்ல. பிறகு ஏன் வாய் திறக்காமல் நிற்கிறான்?

"பாஸ், அவரை ஏசாதேங்கோ. அது நான் வாங்கி ஊத்தினது" என்றேன்.

பாஸ் என்னைப் பார்த்தார், பிறகு பிளேட்களைக் கழுவப் பெற்றோல் எடுக்கப் போனார். சகலன் என்னைப் பார்க்காமல், "தெரியும் அண்ணை" என்றான்.

"என்ன தெரியும்?"

"அந்த நாலு லீற்றர் கேன். தூணடியிலை என்ர போத்திலும் சாக்குக்குள்ளை கிடந்தது. மூண்டாம் நாளே கண்டிட்டன்."

"பிறகேன் ஐசே சொல்லேல்லை?"

அவன் கொஞ்சம் நெளிந்தான். "மச்சாள்தான் சொல்லவேண்டாமெண்டவ. இன்னும் ரெண்டு கிழமை உது உப்பிடியே கிடக்கட்டுமெண்டவ."

பாஸ் பிளேட்களைக் கழுவித் தேய்த்துப் பூட்டி, சாதாரண ஒயிலை ஊற்றித் தந்தார். ஏற்றத்தில் வண்டி கழுதை உதைத்த மாதிரி பாய்ந்தது. அதில் எனக்கு ஒரு சந்தோசமும் வரவில்லை. கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைவரை ஒரே ஒரு கேள்விதான். என் வண்டி பழுதாகவே கிடக்கவேண்டும் என்று என் மனைவி ஏன் நினைத்தாள்?

வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாகக் கேட்டேன். அவளும் தங்கையும் மேசையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். தங்கைதான் சிரித்தாள்.

"அக்கா ஸ்கூட்டர் பழகுறா அத்தான்."

கொட்டாஞ்சேனைக்கு அப்பால் முகத்துவாரத்தில் கடற்கரைக்குப் பக்கத்தில் ஒரு வெறும் நிலம் இருக்கிறதாம். பாடசாலை விட்ட பிறகு தினமும் ஒரு மணித்தியாலம் சகலன் அங்கே பழக்கியிருக்கிறான். மணல் அங்கத்தைய மணல். சிராய்ப்பு அங்கே விழுந்த சிராய்ப்பு. சோறு போடும்போது வந்த சிரிப்பு, முதல் தடவையாகக் கால் ஊன்றாமல் வட்டம் சுற்றிய நாளின் சிரிப்பு. கட்டடத்தில் எனக்கு மட்டும்தான் தெரியாது. வண்டி சரியாகிவிட்டால் காலையில் நான்தான் கூட்டிக்கொண்டு போவேன், ஸ்கூட்டர் அந்தப் பக்கம் வராது, பழக வழியில்லாமல் போய்விடும் என்றுதான் அந்த இரண்டு கிழமை கேட்டிருக்கிறாள்.

"என்னட்டைச் சொல்லியிருக்கலாமே. நான் பழக்கியிருப்பனே" என்றேன்.

"எத்தினை தரம் கேட்டனான்? 'உமக்குக் கிளச் பிடிபடாது' எண்டுதானே ஒவ்வொரு தரமும் சொன்னனீங்கள்."

சொன்னது உண்மைதான். அவள் பழகிவிட்டால் பின் இருக்கை வெறுமையாகிவிடும் என்ற பயத்தில் சொன்னது. அதை அவளிடம் நான் சொல்லவில்லை. "அவன் மட்டும் என்னத்தைச் சொன்னவன்?" என்று கேட்டேன்.

"ஸ்கூட்டருக்குக் கிளச் பிடியே இல்லையெண்டு சொன்னவர்."

பழகுநர் லைசன்ஸ் எடுத்தாகிவிட்டது. சோதனைக்கு இன்னும் மாதக்கணக்கில் காத்திருக்கவேண்டும். அதுவரை என்னோடுதான் வருவாள், பிறகு தங்கையின் ஸ்கூட்டரில் தனியே போவாள். அதையும் அவள் தேங்காய் இல்லை என்று சொல்கிற அதே குரலில் சொன்னாள்.

திங்கட்கிழமை ஆறேகாலுக்கு அவள் மறுபடியும் என் பின்னால் ஏறினாள். கிளச் பல்லி மாதிரிப் பிடித்தது. மெரைன் டிரைவில் வேண்டுமென்றே மெதுவாக ஓடினேன். அவள் ஒன்பதாம் வகுப்புக் கதை சொல்லவில்லை. "சிக்னல் போடுங்கோ", "கண்ணாடியைப் பாருங்கோ", "பஸ்ஸுக்கு இவ்வளவு கிட்டப் போகக்கூடாது" என்று வந்தாள். முன்பு சகலன்மேல் எரிந்த வயிறு இப்போது யார்மேல் எரிகிறது என்று எனக்கு விளங்கவில்லை. தனியே ஸ்கூட்டரில் போகப்போகிற அவள்மேல்தான் என்று நினைக்கிறேன்.

காலிமுகத்திடலில் சிவப்பு விளக்கு. எஞ்சின் சத்தம் அடங்கியபோது, முகத்தைத் திருப்பாமல் கேட்டேன்.

"லைசன்ஸ் வந்தாப் பிறகு உந்தப் பள்ளிக்கூடக் கதையெல்லாம் ஆருக்குச் சொல்லுவீர்?"

"ஏன், வீட்டிலை உங்களுக்குத்தான்."

"வீட்டிலை நீர் கதைக்கிறேல்லையே."

அவள் ஹெல்மெட் கண்ணாடியை மேலே தள்ளும் சத்தம் கேட்டது.

"நான் வீட்டிலையும் கதைக்கிறனான்" என்றாள். "அங்கை நீங்கள் எழும்பிப் போயிடுவியள். இஞ்சை உங்களாலை எழும்பிப் போகேலாது."

விளக்கு பச்சையாக மாறியது. பின்னால் ஹோர்ன் அடிக்கத் தொடங்கிவிட்டார்கள். நான் கிளச்சை விட்டேன்.